தம்புள்ளையின் நீரும் அதன் வேகமும்
இயக்கப்பண்புச் சக்தி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தம்புள்ளைக் குன்றிலுள்ள குகைக் கோயில்களுள் மிகப் பெரியதாகிய இரண்டாவது குகையினுள்ளே, கூரைப் பாறையிலிருந்து துளி துளியாக நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதனை ஏந்துவதற்கெனக் கீழே ஒரு பாத்திரம் வைக்கப்பட்டுள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் காலத்திலிருந்து வழிபாட்டிடமாக விளங்கிவரும் அக்குகைக்குச் செல்வோர் புத்தர் சிலைகளையும் கூரை ஓவியங்களையும் கண்டு வியந்து மீள்வர். ஆயின் என் கண்ணும் காதும் அந்தத் துளியிலேயே தங்கிவிட்டன. விழும் ஒரு துளியிடம் எவ்வளவு வலிமை உண்டு என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. கணிதத்தைச் சாதாரண தரப் பரீட்சையோடு தலைமுழுகிய கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இது வேண்டாத கேள்விதான். எனினும், விஞ்ஞான பீடத்து நண்பர் ஒருவரின் துணைகொண்டு கணக்கைச் செய்துபார்த்தபோது அது தம்புள்ளையின் வரலாற்றுக்குள்ளேயே என்னை இட்டுச்சென்றது.

இயங்கும் பொருளொன்று தன் இயக்கத்தினால் மட்டும் பெற்றிருக்கும் சக்தியை இயக்கப்பண்புச் சக்தி என்பர். பொருளின் திணிவை அதன் வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கி வருவதிற் பாதியே அதன் அளவு. திணிவைக் கிலோகிராமிலும் வேகத்தைச் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்றும் கொண்டால் விடை யூல் என்னும் அலகில் வரும். நூறு கிராம் நிறையுள்ள ஒரு சிறு மாங்காயை ஒரு மீற்றர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ ஒரு யூல் தேவை. துளியின் திணிவை 0.05 கிராம் என்றும் அது விழும் உயரத்தை நான்கு மீற்றர் என்றும் கொள்வோம். காற்றின் தடையைப் பொருட்படுத்தாவிடின் பாத்திரத்தைத் தொடும்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 8.9 மீற்றர், அதன் சக்தியோ ஒரு யூலில் ஐந்நூறில் ஒரு பங்கு. குகையிலிருந்து இறங்கிக் கண்டி வீதியில் நின்றால் வேறொரு காட்சி. 1999 இல் திறக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்தை நோக்கி மரக்கறி ஏற்றிய லொறிகள் இரவும் பகலும் வருகின்றன. சுமையோடு பத்துத் தொன் நிறையுள்ள ஒரு லொறி மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வருமாயின் அதனிடம் ஐந்து இலட்சம் யூல் இருக்கும். அதே லொறி மணிக்கு 72 கிலோமீற்றரில் வந்தால்? பத்து இலட்சம் எனச் சொல்லத் தோன்றும். இருபது இலட்சம் என்பதே சரி. வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இவ்வழியாக இரவுப் பேருந்தில் வரும் மாணவர் எவரும் இதனைச் சாரதியின் காதில் ஒருமுறையேனும் ஓத விரும்புவர்.

வேகத்தை ஏன் வர்க்கித்தல் வேண்டும்? இன்று பாடசாலை மாணவரும் ஒப்புவிக்கும் இவ்விதியை நிலைநாட்ட ஐரோப்பிய அறிஞர் அரை நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடினர் என்பது பௌதிகவியல் நூல்களிற் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. இயக்கத்தின் அளவு திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவதே என்பது பதினேழாம் நூற்றாண்டிலே தேக்கார்ட்டின் கொள்கை. 1686 இல் லைப்னிற்ஸ் இதனை மறுத்தார். ஓர் இறாத்தல் பொருளை நான்கு முழம் உயர்த்துவதற்கும் நான்கு இறாத்தல் பொருளை ஒரு முழம் உயர்த்துவதற்கும் வேண்டிய முயற்சி ஒன்றே என்பதை இரு தரப்பாரும் ஒப்புவர். அப்படியாயின் அவை கீழே விழும்போது பெறும் வலிமையும் ஒன்றாயிருத்தல் வேண்டும். நான்கு முழம் விழுந்த பொருளின் வேகம் ஒரு முழம் விழுந்ததன் வேகத்தைப்போல் இருமடங்கு மட்டுமே எனக் கலிலியோ காட்டியிருந்தார். தேக்கார்ட் சொன்னவாறு பெருக்கினால் ஒன்று இரண்டாகவும் மற்றது நான்காகவும் வருகின்றன. வேகத்தை வர்க்கித்துப் பெருக்கினாலோ இரண்டும் நான்காகவே வருகின்றன. இதற்கு அவர் உயிர்ப்பு விசை எனப் பொருள்படும் பெயரை இட்டார்.

தருக்கத்தால் முடியாத வழக்கை ஒரு தட்டுக் களிமண் பெரும்பாலும் முடித்துவைத்தது. ஒல்லாந்தின் லைடன் நகரப் பேராசிரியர் கிராவசாந்தே, ஒரே அளவினவாய் நிறை வேறுபட்ட பித்தளைக் குண்டுகளை மென்களிமண்மீது விழவிட்டு, அவை உண்டாக்கிய குழிகளை அளந்தார். குண்டுகள் விழும் உயரங்கள் அவற்றின் திணிவுகளுக்கு எதிர்விகிதத்தில் இருந்தபோது குழிகள் சமமாயின. வேகத்தின் வர்க்கமே குழியை அகழ்கிறது என்பது தெளிவாயிற்று. 1722 இல் வெளிவந்த இம்முடிவைப் பிரெஞ்சு அறிஞர் எமிலி டு சாத்தலே என்னும் பெண்மணி 1740 இல் வெளியிட்ட தமது பௌதிக நூலில் எடுத்தாண்டு லைப்னிற்ஸின் பக்கம் நின்றார். நியூற்றனின் பெருநூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் அவரே. இங்கிலாந்தின் பொறியியலாளர் சிமீற்றன் நீர்ச்சில்லுகளின் மாதிரிகளைச் செய்து சோதித்து 1759 இல் முடிவுகளை வெளியிட்டார். ஓடும் நீர் அடியில் மோதிச் சுழற்றும் சில்லு நீரின் வலுவில் மூன்றிலொரு பங்கைக்கூடத் தருவது அரிது என்றும், மேலிருந்து நிறையால் இறங்கும் நீர் சுழற்றும் சில்லு அதைப்போல் இருமடங்கு தரும் என்றும் அவர் கண்டார். மோதும் நீர் தன் சக்தியின் பெரும்பகுதியைச் சுழிப்பிலும் நுரையிலும் இழந்துவிடுகிறது. சூத்திரத்தில் நாம் எழுதும் அந்த அரைப்பங்கு 1829 இல் பிரெஞ்சுக்காரரான கொரியோலிசின் நூலில் வந்து சேர்ந்தது. அவரும் பொறிகளின் வேலையைக் கணிக்கவே முயன்றார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். தம்புள்ளைக்கு வடமேற்கே தம்புலு ஓயாவின் நீரும் சென்று சேரும் கலாவெவ, ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேனன் கட்டியது. செல்வம் எங்கேயென மகன் காசியப்பன் வருத்திக் கேட்டபோது, அக்குளத்து நீரைக் கையில் அள்ளிக் காட்டி இதுவே என் செல்வம் என்றான் தாதுசேனன் எனச் சூளவம்சம் கதை கூறும். அச்செல்வத்தை அநுராதபுரத்துக்குக் கொண்டுசென்ற யோத எல, அதாவது ஜயகங்கை, 54 மைல் நீளமுடையது. அதன் முதற் பதினேழு மைலில் மைலொன்றுக்கு ஆறு அங்குலமே சரிவு என்பர். பதினேழு மைலுக்கும் சேர்த்து எட்டரை அடி, அதாவது 2.6 மீற்றர், ஓர் அறையின் உயரத்தைவிடக் குறைவு. உராய்வு சிறிதுமின்றி அவ்வுயரத்தை நீர் இறங்குமாயின் அதன் வேகம் செக்கனுக்கு ஏழு மீற்றரை எட்டும். எந்த மண்கரையும் அதற்கு நில்லாது. ஆனால் வாய்க்காலில் நீர் மனிதர் நடக்கும் வேகத்துக்கும் குறைவாகவே ஊர்ந்து செல்கிறது. கரையோடும் அடிமண்ணோடும் உராய்ந்து, பெறுகின்ற சக்தியை அவ்வப்போதே இழந்துவிடுமாறு சரிவு அளந்து வெட்டப்பட்டிருக்கிறது. சற்றுக் கூடியிருந்தால் வாய்க்கால் தன்னைத்தானே தோண்டிக்கொள்ளும்; சற்றுக் குறைந்திருந்தால் வண்டல் படிந்து மூடிக்கொள்ளும்.

வாய்க்காலைவிடக் கடினமான இடம் துருசு. குளத்து நீரின் ஆழம் துருசின்மேல் எட்டு மீற்றர் எனக் கொள்வோம். கதவு திறந்ததும் நீர் செக்கனுக்கு ஏறத்தாழ 12.5 மீற்றர் வேகத்தோடு பாய முற்படும். ஒரு கனமீற்றர் நீரின் திணிவு ஆயிரம் கிலோகிராம். ஆகவே அதனிடம் 78,000 யூலுக்கு மேலான சக்தி இருக்கும். அதே நீர் வாய்க்காலில் செக்கனுக்கு அரை மீற்றர் வீதம் ஓடும்போது அதனிடமுள்ளது 125 யூல் மட்டுமே. இவ்விரு எண்களுக்கும் இடையிலே அறுநூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. அவ்வளவு சக்தியும் அணையின் அடியகலத்துள், சில பாக தூரத்துக்குள், எங்காவது செலவாகித் தீரவேண்டும். கட்டியவர் அதற்கு இடம் ஒதுக்கவில்லையெனில் நீரே இடம் தேடிக்கொள்ளும். துருசின் வாயிலிலே குழி விழும், குழி பின்னோக்கி வளரும், ஈற்றில் அணையின் வயிறே சரியும்.

அந்த இடத்தை ஒதுக்கியதே பிசோக்கொட்டுவ எனப்படும் அமைப்பு. அணைக்குள், குளத்தின் பக்கமாக, செதுக்கிய கருங்கற் பலகைகளை இடைவெளியின்றிப் பொருத்தி அமைத்த சதுரக் கிணறு அது. குளத்து நீர் கல்வழியாக அதனுள் நுழைந்து, சுவரில் மோதிச் சுழன்று, வேகம் தணிந்த பின்னரே மறுபக்கக் கல்வழியால் வெளியேறும். இலங்கை நீர்ப்பாசனத் துறையிற் பணியாற்றி இக்குளங்களை நேரில் அளந்த ஹென்றி பார்க்கர், 1909 இல் வெளியிட்ட தமது நூலில் இக்கிணற்றை அடைப்புக் கதவு இயங்கிய இடமாகக் கண்டு, இன்றைய நீர்த்தேக்கங்களின் அடைப்புக் கோபுரங்களுக்கு இதுவே முன்னோடி என வாதித்தார். பின்வந்த பொறியியலாளர் சிலர் வேகத்தைத் தணிப்பதே அதன் முதன்மைப் பணி என்பர். மரத்தாற் செய்த கதவுகள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு நில்லாவாதலின் வழக்கு எளிதில் முடியாது. என் அளவில், இரண்டும் ஒரே பணியின் இரு முகங்கள் எனவே தோன்றுகின்றன. வேகத்தோடு வரும் நீரின் முன்னே ஒரு மரக்கதவை நிறுத்தி அதனை உயர்த்தவும் தாழ்த்தவும் முடியுமாயின், அந்நீரின் வேகம் அங்கே முன்னரே அடக்கப்பட்டிருத்தல் வேண்டும். தமிழகத்து ஏரிகளின் குமிழித் தூம்பு வேறொரு வழியில் இதே சிக்கலை அணுகியது. அங்கே மதகு கரையிலன்றி ஏரியினுள்ளேயே, கற்றூண்களுக்கு நடுவே நிற்கிறது. நீர் மேலிருந்து சிறு துளையால் இறங்குவதோடு வண்டலையும் அடியிலிருந்து இழுத்துச் செல்கிறது. கலைகளைப் பற்றி எழுதும்போது ஈழத்தையும் தமிழகத்தையும் ஒப்பிடுவதில் நாம் சளைப்பதில்லை. துருசையும் தூம்பையும் அவ்வாறு ஒப்பிட்டு எழுதியோர் மிகச் சிலரே.

இவ்வளவையும் கூறுங்கால், ஐரோப்பியர்க்கு முன்னரே நம் முன்னோர் இயக்கப்பண்புச் சக்தியின் சூத்திரத்தைக் கண்டறிந்தனர் என முழங்கும் ஆசை எழுவது இயல்பு. விழா மேடைகளில் இத்தகைய முழக்கங்களைக் கேட்டுமிருக்கிறோம். இதனை நான் ஏற்கேன். வேகத்தை வர்க்கித்தறிந்ததாகக் காட்டும் கல்வெட்டோ ஏடோ ஒன்றுமில்லை. ஆயின், சூத்திரம் இல்லாமையால் அறிவும் இல்லை என்பது அதனினும் பெரிய பிழை. லைடனில் கிராவசாந்தே களிமண்ணில் விழுந்த குழியை அளந்தார். குளங்கட்டியோரும் களிமண்ணில் விழுந்த குழியையே அளந்தனர். அவர்தம் தட்டு அணையின் அடிவாரம். ஒரு துருசு அரித்துக் கரை சரிந்த பின், அடுத்ததை எவ்வளவு அகலமாகவும் எத்துணைக் கனமான கல்லாலும் கட்டவேண்டும் எனத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்ததே அவர்களின் கணக்கு. ஒரு வேறுபாடு உண்டு. லைடனின் முடிவு அச்சேறி ஐரோப்பாவெங்கும் பரவிற்று. இவர்களின் முடிவு கல்லுக்குள்ளேயே தங்கி, கட்டியோர் மறைந்ததும் வாசிப்பாரின்றிக் கிடந்தது. 1980 களின் தொடக்கத்தில் மாதுறு ஓயாவில் புதிய அணை கட்ட முற்பட்டோர், தாம் தேர்ந்த இடத்திலேயே பழைய அணையும் செங்கல்லும் கருங்கல்லுமாகிய துருசும் மண்ணுள் இருப்பதைக் கண்டனர்.

தம்புள்ளைக்கு அருகேயுள்ள சிகிரியாவில் இக்கதைக்கு ஓர் இனிய கிளை உண்டு. காசியப்பன் காலத்துப் பூங்காவிலே, துளையிட்ட கற்பலகைகளின் வழியே மழைக்காலத்தில் இன்றும் நீரூற்றுகள் எழுவதுண்டு. அடக்கவேண்டிய சக்தி இங்கே ஆடவிடப்பட்டிருக்கிறது. ஒரு மீற்றர் எழும் ஊற்றின் நீர் துளையை விட்டுப் புறப்படும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 4.4 மீற்றர், எவ்வளவு முயன்றாலும் அது தான் வந்த நீர்மட்டத்துக்கு மேல் எழாது. தந்தை நீரின் வேகத்தைக் கொன்று வயலுக்கு அனுப்பினான். மகன் அதனை விளையாட்டாக்கினான் எனின், இருவரையும் சற்றுக் கடுமையாகவே மதிப்பிட்டவனாவேன்.

வேகத்தை அடக்கத் தவறினால் நேர்வதென்ன என்பதை அறிய நெடுங்காலம் பின்செல்ல வேண்டுவதில்லை. 1986 ஏப்பிரல் 20 ஆம் நாள் அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. உறக்கத்திலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குளக்கோட்டனோடு தமிழ் மரபு இணைத்துப் பேசும் அக்குளம் பல நூற்றாண்டுகளைக் கண்டது. பத்து மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் ஒரு கனமீற்றர் நீரிடம் 98,000 யூல் உண்டு. செக்கனுக்கு ஆயிரம் கனமீற்றர் அவ்வாறு வெளியேறுவதாகக் கொண்டால் அதன் வலு 98 மெகாவாற்று. ஒரு நீர்மின் நிலையத்தின் வலுவையும் விஞ்சிய ஒன்று, சுழலியோ கற்கிணறோ இன்றி, வீடுகளின்மேல் இறங்கிற்று. எண்ணாகப் பார்க்கும்போது இது எளிதாகத் தெரிகிறது. அந்த எண்ணை ஒரு கிராமத்தின்மேல் வைத்துப் பார்க்கும்போது எழுத்து நின்றுவிடுகிறது.

தம்புள்ளையின் இன்றைய நீர் வேறொரு வரலாறு உடையது. 1976 இல் திறந்துவைக்கப்பட்ட பொல்கொல்லை அணை மகாவலி நீரின் ஒரு பகுதியைத் தடுத்து, மலையைக் குடைந்த ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர்ச் சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கு அனுப்புகிறது. அங்கே நீர் சுமார் 78 மீற்றர் இறங்கிச் சுழலிகளை இயக்குகிறது. அவ்விறக்கம் முழுவதையும் வேகமாக மாறவிட்டால் நீர் செக்கனுக்கு 39 மீற்றர், அதாவது மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தைப் பெறும். ஒரு கனமீற்றரின் சக்தி 764,000 யூலைத் தாண்டும். முன்னர்க் கண்ட பத்துத் தொன் லொறி மணிக்கு 44 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் வரும்போது கொண்டிருக்கும் சக்தி அதுவே. சுரங்கத்தின் வழியே செக்கனுக்கு ஏறத்தாழ 56 கனமீற்றர் செல்லமுடியும். ஆகவே ஒவ்வொரு செக்கனிலும் அத்தகைய 56 லொறிகள் சுழலியில் வந்து மோதி நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம். பண்டையோர் கற்சுவரில் மோதவிட்டு வீணாக்கியதை இங்கே செப்புக் கம்பியின் வழியே நாட்டுக்கு அனுப்புகிறோம்.

உக்குவளையை விட்ட நீர் சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் ஓடிப் போவத்தன்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கே பாதை பிரிகிறது. 1981 இல் இயங்கத்தொடங்கிய மின்நிலையத்தின் வழியே இறங்கும் நீர் மீண்டும் அம்பன் கங்கையைச் சேர்ந்து எலகரைப் பக்கம் செல்லும். மற்றொரு சுரங்கத்தின் வழியே செல்லும் நீரோ எச் வலயம் எனப்படும் வறண்ட நிலங்களுக்காகத் தம்புள்ளைப் பக்கம் திரும்பி, கண்டலமவுக்கும் கலாவெவவுக்கும் போய்ச் சேருகிறது. இந்த நீர் போவத்தன்னச் சுழலியைக் காண்பதில்லை.

இதனினும் பெரிய தெரிவு பொல்கொல்லையில் நிகழ்கிறது. அங்கே திருப்பப்படாத நீர் மகாவலியின் வழியே கீழிறங்கி, 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியாவில் சுமார் 190 மீற்றர் இறங்கும். அதன்பின் ரந்தெனிகலையும் ரந்தம்பையும் உள்ளன. விக்டோரியாவை மட்டும் கணக்கிலெடுத்தாலும் ஒரு கனமீற்றருக்கு 18 இலட்சம் யூலுக்கு மேல். வடக்கே திருப்பினால் உக்குவளையில் ஏழரை இலட்சத்துக்குச் சற்று அதிகம். யூல் என்னும் ஒரே தராசில் நிறுத்தால் தம்புள்ளைக்கு வரும் ஒவ்வொரு கனமீற்றர் நீரும் நட்டமே. மின்சாரமா வேளாண்மையா என்ற இவ்வழக்கு மகாவலித் திட்டத்தோடு கூடவே வளர்ந்தது. வரட்சி ஆண்டுகளில் அது மீண்டும் மீண்டும் தலைதூக்குகிறது.

லைப்னிற்ஸ் முதல் கொரியோலிஸ் வரை வந்த கணக்கு இரு இயக்கங்களை ஒப்பிட்டு எது பெரிதெனச் சொல்லும். கலாவெவவின் கீழே விதைத்த நெல் கதிர்விடும் பருவத்தில் இரு வாரம் நீரின்றி நின்றால் நேரும் இழப்பை எந்த அலகில் எழுதுவது என அது சொல்லாது. தாதுசேனன் கையில் அள்ளிக் காட்டிய நீரிடம் வேகம் இல்லை. ஆகவே இயக்கப்பண்புச் சக்தியும் இல்லை. விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்பும் வழியில், தம்புள்ளைக்கும் நாவுலைக்கும் இடையே லேனதோரவைப் பேருந்து கடக்கும்போது, சுரங்கத்திலிருந்து வெளிப்பட்ட மகாவலி நீர் அப்பகுதியால் ஓடுவதை நினைத்துக்கொள்வேன். ஒரு கனமீற்றரில் விக்டோரியா பெறாதுபோன பதினெட்டு இலட்சம் யூலின் எந்த அடையாளமுமின்றி, அது மெதுவாகக் கலாவெவ நோக்கிச் சென்றுகொண்டிருக்கும்.